வாயிலில் நின்ற வேந்தர்

நம் சங்கத்து அன்பர்கள் இரண்டு பேர் சனிக்கிழமை மாலை ஒன்றாகக் கூடினால் பேச்சு எப்படியோ சுற்றி நாடகத்தில் வந்து நிற்கும். எதற்குப் போகலாம், எவ்வளவு ஆகும் என்னும் இரண்டு கேள்விகளும் இரட்டைப் பிள்ளைகளைப் போலச் சேர்ந்தே பிறக்கும். வீட்டிலிருந்து வரும் பணத்தில் காலம் தள்ளுகிற மாணவனுக்கு இரண்டாவது கேள்விதான் முதற் கேள்வி.

நான் கோல் மார்க்கெட்டை அடுத்த ஒரு சந்தில், இந்த ஊரார் பர்சாத்தி என்று சொல்லும் மொட்டை மாடி அறையில் குடியிருக்கிறேன். ராமகிருஷ்ண ஆசிரம நிலையத்தில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிலையம் மண்டி ஹவுஸ். இறங்கிச் சிறிது நடந்தால் கமானி அரங்கம், ஸ்ரீராம் செண்டர், எல்.டி.ஜி. அரங்கம், தேசிய நாடகப் பள்ளி எல்லாம் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இரண்டு ஆண்டுகளில் நான் கற்ற பாடம் கொஞ்சம்தான். நாடகத்தின் பெயரைப் பார்க்குமுன் குழுவின் பெயரைப் பார்க்க வேண்டும். முதல் நாளை விட்டு இரண்டாம் நாள் போனால், முதல் நாள் பார்த்தவர்களைக் கேட்டுக்கொண்டு போகலாம். நாடகப் பள்ளி மாணவர்களின் நாடகங்கள் நம் பைக்கு இசைந்தவை. நடிப்பிலும் குறை சொல்ல முடியாது. அரை மணி முன்னதாகப் போய் வரிசையில் நிற்க வேண்டும். இவ்வளவே என் நாடக ஞானம்.

சென்ற குளிர்காலத்தில் ஓர் அரங்கின் வாயிலில், காசு கொடுத்து வாங்கிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நானும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் நின்றோம். அழைப்பிதழோடு வந்தவர்கள் காரிலிருந்து இறங்கி எங்களைக் கடந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். இடம் நிறைந்துவிட்டது என்று கடைசியில் எங்களிடம் சொன்னார்கள். பணம் திரும்பி வந்தது; மனம் ஆறவில்லை. வீட்டுக்கு வந்து கீழ் வீட்டு மாமியிடம் பொருமினேன். மாமி சிரித்துவிட்டு, அவருடைய தந்தையார் நாடகம் பார்த்த கதையைச் சொன்னார்.

மாமியின் தந்தையார் மத்திய சர்க்கார் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். கோல் மார்க்கெட்டைச் சுற்றியிருந்த சர்க்கார் குடியிருப்புகளில் அக்காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல இருந்தன. மந்திர் மார்க்கத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று பள்ளி இன்றும் இருக்கிறது. நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள் ஒரு குளிர்கால நாளில் அவர் கன்னாட் பிளேஸ் ரீகல் கொட்டகைக்குப் போய் ஒரு நாடகம் பார்த்தார். இந்தி அரைகுறை. உட்கார்ந்ததோ கடைசி வரிசைகளில் ஒன்று. ஆனாலும் கதை புரிந்ததாம், குரலே அர்த்தம் சொல்லிற்றாம். நாடகம் முடிந்து வெளியே வந்தால், சற்று முன் மேடையில் சிங்கம் போல் நின்றவர் வாசற்படியில் தலையைக் குனிந்து, இரு கைகளாலும் ஒரு துணியை ஏந்தி நின்றுகொண்டிருந்தார். டோங்காவுக்கு வைத்திருந்த சில்லறையை அதில் போட்டுவிட்டுத் தந்தையார் இர்வின் சாலை வழியே கோல் மார்க்கெட் வரையில் குளிரில் நடந்தே வந்தார். அந்தச் சாலைக்கு இப்போது பாபா கரக் சிங் மார்க் என்று பெயர்.

துணி ஏந்தி நின்றவர் பிருத்விராஜ் கபூர். நம்மில் பலருக்கு அவர் ராஜ் கபூரின் தந்தையாகவும், முகலே ஆஸம் படத்து அக்பராகவும் மட்டுமே தெரியும். நாடகத்துக்கு அவர் என்ன செய்தார் என்பதை அன்று முதல் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

பிருத்விராஜ் 1906-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் பஞ்சாபில் லாயல்பூர் மாவட்டத்துச் சமுந்திரி என்னும் ஊரில் பிறந்தார். அந்த ஊர் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. மாவட்டத்தின் பெயரும் பைசலாபாத் என்று மாறிவிட்டது. தந்தையார் போலீஸ் உத்தியோகஸ்தர். வளர்ந்ததும் படித்ததும் பெரும்பாலும் பெஷாவரில். அங்குள்ள எட்வர்ட்ஸ் கல்லூரியில் படித்த நாளிலேயே நாடகப் பித்துப் பிடித்துவிட்டது. ஆறடிக்கு மேற்பட்ட உயரம், அகன்ற மார்பு, கணீரென்ற குரல். இவ்வளவும் வாய்த்தவனை வக்கீலாக்க வீட்டார் முயன்றார்கள். சட்டப் படிப்பு ஓராண்டோடு நின்றது. அதற்குள் திருமணமாகிக் குழந்தையும் பிறந்திருந்தது. மூத்த மகன் ராஜ் 1924-இல் பெஷாவரில் பிறந்தவர். 1928-இல் அத்தை ஒருவரிடம் கடன் வாங்கிக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறினார். இருபத்திரண்டு வயது இன்னும் நிறையவில்லை. என் வயதுக்குக் குறைவு என்பதை நினைக்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நான் வாங்கிய கடன் இதுவரை நூலகத்துப் புத்தகங்கள் மட்டுமே.

பம்பாயில் இம்பீரியல் கம்பெனியில் கூட்டத்தில் ஒருவராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஊமைப் படம் ஒன்றில் கதாநாயகன். 1931-இல் வெளிவந்த இந்தியாவின் முதற் பேசும் படமான ஆலம் ஆராவிலும் அவர் உண்டு. ஆனால் படம் பேசத் தொடங்கிய அந்த வேளையில் அவர் மனம் மேடைக்கே திரும்பிற்று. கிராண்ட் ஆண்டர்சன் என்பவர் நடத்திய ஆங்கில நாடகக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகச் சென்று ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தார். ஹாம்லெட்டில் லேயர்ட்டீஸ் அவருடைய வேடம். ஷேக்ஸ்பியரின் காலத்தில் லண்டன் நாடகசாலையில் ஒரு பென்னி கொடுத்தவன் மேடையை ஒட்டி நின்று பார்க்கலாம் என்பார்கள். நம் ஊர்த் தரை டிக்கெட்டுக்கு அது மூத்த உறவு. ஆங்கிலக் குழு நெடுநாள் நீடிக்கவில்லை. பிறகு கல்கத்தா. அங்கே சீதா, வித்யாபதி முதலிய படங்கள் அவருக்குப் பெயர் தந்தன. மீண்டும் பம்பாய். 1941-இல் சொராப் மோடி எடுத்த சிக்கந்தர் படத்தில் அவர் அலெக்சாண்டராக வந்தபோது நாடு முழுவதும் அவரை அறிந்தது.

இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் பங்களா கட்டியிருப்பார். பிருத்விராஜ் 1944-ஆம் ஆண்டு ஜனவரியில் நாடகக் கம்பெனி தொடங்கினார். பிருத்வி தியேட்டர்ஸ் என்று அதற்குப் பெயர். பெயரில் தியேட்டர் இருந்ததே தவிரக் கட்டடம் கிடையாது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத் திரை, மேடைப் பொருள், உடை, விளக்கு, சமையற் பாத்திரம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ரயிலில் திரியும் கூட்டம் அது. சுமார் 150 பேர். அத்தனை பேருக்கும் மாதச் சம்பளம். 1945-இல் ஜோரா சேகல் அதில் சேர்ந்தபோது அவருக்குக் கொடுத்த சம்பளம் மாதம் 400 ரூபாய். அக்காலத்து 400 ரூபாய் எவ்வளவு என்பதை உங்கள் பாட்டனாரைக் கேட்டால் சொல்வார். உதயசங்கரின் குழுவில் நடனமாடி உலகம் சுற்றியவர் ஜோரா. அவருடைய தங்கை உஸ்ராவும் இக்குழுவில் கதாநாயகியாக நடித்தார். நல்ல குடும்பத்துப் பெண்கள் மேடையேறலாமா என்று ஊர் விவாதித்துக்கொண்டிருந்த நாளில் படித்த பெண்கள் இருவர் மாதச் சம்பளத்துக்கு நடித்தார்கள் என்பது சிறிய செய்தியல்ல.

தமிழ்நாட்டுப் பாய்ஸ் கம்பெனிகளை அறிந்தவர்களுக்கு இந்த வாழ்க்கை புதிதன்று. டி. கே. எஸ். சகோதரர்களும் நவாப் ராஜமாணிக்கமும் இப்படித்தான் மூட்டை முடிச்சோடு ஊர் ஊராகப் போனார்கள். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. நம் கம்பெனி ஓர் ஊருக்குப் போனால் கொட்டகையில் நிலைத்து நின்று, மாதக் கணக்கில் ஆடும். தரை, பெஞ்சு, நாற்காலி, சோபா என்று சீட்டில் வகை பிரித்து, பணக்காரனின் சோபாக் காசில் ஏழைக்குத் தரையில் இடம் கிடைக்கும். பிருத்விராஜ் போன இடங்களிலெல்லாம் நல்ல கொட்டகைகள் சினிமாவுக்குப் போய்விட்டிருந்தன. பம்பாயில் ராயல் ஆபரா ஹவுஸில் அவருடைய நாடகங்கள் காலை வேளையில் நடந்தன. மாலையும் இரவும் படத்துக்கு. காலையில் ஒப்பனை பூசிக்கொண்டு, பலகாரம் செரிக்குமுன் வந்து உட்கார்ந்த கூட்டத்தை அழவைக்க வேண்டும். அதையும் செய்தார்கள்.

இதன் கணக்கை ஒரு நிமிஷம் பார்க்கலாம்; அறிவியல் மாணவனுக்குக் கணக்குப் போடாமல் கை நிற்காது. படப் பெட்டி ஒன்று வந்தால், இயந்திரம் ஓட்ட ஓர் ஆள் போதும். அதே படத்தை ஒரே நாளில் மூன்று காட்சி, நான்கு காட்சி ஓட்டலாம். நூறு ஊர்களில் ஒரே சமயத்தில் ஓட்டலாம். நாடகம் அப்படியன்று. ஒவ்வொரு காட்சிக்கும் 150 பேர் உழைக்க வேண்டும். ஒரு காட்சிக்கு வருகிறவர்கள் ஒரு கொட்டகை கொள்ளும் கூட்டமே. சீட்டு விலையை ஏற்றினால் எழுத்தர் வரமாட்டார், மாணவன் வரமாட்டான். ஏற்றாவிட்டால் 150 வயிறு நிறையாது. இந்த இரண்டுக்கும் இடையே விழுந்த பள்ளத்தைப் பிருத்விராஜ் படத்தில் நடித்துச் சம்பாதித்ததைக் கொட்டி நிரப்பினார். பகலில் ஸ்டூடியோவில் அரசனாக நின்று வாங்கிய பணம் மேடைத் திரையாகவும் ரயில் கட்டணமாகவும் மாறிற்று. அந்தப் பதினாறு ஆண்டுகளிலும் அவர் படத்தை விடாமல் இருந்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இனி நாடகங்களைப் பற்றி. முதலாவது காளிதாசனின் சகுந்தலை. அது பெரிய வெற்றி என்று சொல்வதற்கில்லை. அடுத்து 1945-இல் வந்த தீவார் தான் அவரை நிலைநாட்டிற்று. தீவார் என்றால் சுவர். ஒரு ஜமீன் வீட்டில் அண்ணன் தம்பிகள் ஒற்றுமையாக வாழ்கிறார்கள். அந்நிய நாட்டு விருந்தாளிகள் வந்து தங்குகிறார்கள். மெல்ல மெல்ல வீடு அவர்கள் கைக்குப் போகிறது. சகோதரர்களுக்கிடையே பகை மூளுகிறது. வீட்டின் நடுவே சுவர் எழும்புகிறது. கடைசியில் குடியானவர்கள் திரண்டு வந்து சுவரை இடிக்கிறார்கள். யார் விருந்தாளி, எது வீடு என்று 1945-இல் எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டே ஆண்டில் உண்மையான சுவர் எழும்பிற்று. அதை இடிக்க மேடைக் குடியானவர்களால் ஆகவில்லை. பெஷாவர் பிருத்விராஜுக்கு அயல்நாடாயிற்று.

1947-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், நாடெங்கும் நெருப்பு எரிந்துகொண்டிருந்தபோது, பட்டான் என்ற நாடகத்தை அரங்கேற்றினார். எல்லைப்புறத்துப் பட்டாணியர் தலைவன் ஒருவனுக்கு ஓர் இந்து நண்பன். அந்த நண்பன் இவனுக்காக உயிர் விடுகிறான். பின்னர் பழிக்குப் பழி என்று எதிரிகள் நண்பனின் மகனைக் கேட்கும்போது, பட்டாணியன் அவனைக் காத்துவிட்டுத் தன் சொந்த மகனைக் கொடுக்கிறான். லால்சந்த் பிஸ்மில் எழுதிய இந்த நாடகம் பம்பாயில் மட்டும் 600 தடவைக்கு அருகே நடந்தது என்பார்கள். கடைசி வரிசையிலிருந்த மாமியின் தந்தையார் பார்த்தது இதைத்தான். மகனைக் கொடுக்கும் கட்டத்தில் கொட்டகையில் மூச்சு விடும் ஓசை கூடக் கேட்கவில்லை என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒலிபெருக்கி இல்லாத மேடை அது. சீட்டின் விலை எதுவாயினும் குரல் எல்லா வரிசைக்கும் ஒன்றாகவே போய்ச் சேர வேண்டும். அதற்காக அவர் தொண்டையைக் காட்சிக்குக் காட்சி செலவழித்தார்.

கத்தார், ஆஹுதி, கலாகார், பைஸா, கிஸான் என்று மற்ற நாடகங்கள் வரிசையாக வந்தன. தேசப் பிரிவினை, அகதிப் பெண்ணின் துயர், பணத்தாசை, உழவன் வாழ்வு என்பவை அவற்றின் பொருள். இவை எல்லாம் உயர்ந்த இலக்கியம் என்று நான் வாதிட மாட்டேன். நீதி சற்று உரக்கவே பேசும் நாடகங்கள் அவை. கதாநாயகனின் நிழல் மற்றப் பாத்திரங்கள் மேல் நீளமாக விழும். ஆனால் அந்தப் பட்டறையிலிருந்து வெளிவந்தவர்களைப் பாருங்கள். ராஜ், ஷம்மி, சசி என்ற மூன்று மகன்களும் அங்கேதான் தொழில் பழகினார்கள். இசை அமைத்த ராம் கங்கூலியின் கீழ் வாத்தியம் வாசித்த சங்கர், ஜெய்கிஷன் என்ற இரு இளைஞர்கள் பின்னால் இந்திப் படவுலகையே ஆண்டார்கள். கலாகார் நாடகத்தை எழுதிய ராமானந்த் சாகர் நாற்பது ஆண்டுக்குப் பிறகு தொலைக்காட்சியில் இராமாயணத்தைக் காட்டி ஞாயிற்றுக்கிழமைத் தெருக்களை வெறிச்சோடச் செய்தார்.

துணி ஏந்தும் வழக்கத்துக்கு வருகிறேன். வடநாட்டில் அதை ஜோலி என்பார்கள். நம் ஊரில் மடியேந்துதல் என்போமே, அது. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் பிருத்விராஜ் வாயிற்படிக்கு வந்து நிற்பார். கலைந்து போகிற கூட்டம் அவரைக் கடந்துதான் போக வேண்டும். துணியில் ரூபாயும் விழும், அணாவும் விழும். அகதிகளுக்கும், வேறு பல நற்பணிகளுக்கும் அந்தப் பணம் போயிற்று. தலையை மட்டும் அவர் நிமிர்த்துவதில்லை. யார் போட்டார், யார் போடவில்லை, போட்டது எவ்வளவு என்பது கண்ணில் படலாகாது என்பதற்காகத்தான் அப்படி நின்றார் என்று எனக்குத் தோன்றுகிறது. காசில்லாதவனும் கூச்சமின்றிக் கடந்து போகலாம் அல்லவா? மேடையில் அரசன், வாயிலில் இரவலன். என்னை அன்று வெளியே நிறுத்திய வாயிலை நான் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

1952-இல் மாநிலங்கள் அவை அமைந்தபோது கலைஞர் என்ற முறையில் நியமிக்கப்பட்டவர்களில் பிருத்விராஜ் ஒருவர். நம் ருக்மிணி தேவி அருண்டேலும் அதே ஆண்டு நியமனம் பெற்றார். ருக்மிணி தேவி வாயில்லாப் பிராணிகளுக்காக மசோதா கொண்டுவந்தார். பிருத்விராஜ் 1958-இல் மரண தண்டனையை ஒழிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். விவாதத்துக்குப் பிறகு தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. மேடையில் மகனைப் பலி கொடுத்தவர் மன்றத்தில் உயிருக்கு வாதாடினார் என்று சொன்னால் அலங்காரமாக இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே மனத்திலிருந்து வந்தவை என்பதில் ஐயமில்லை. 1960 வரையில் அவர் உறுப்பினராக இருந்தார். அந்த ஆண்டுகளில் டில்லிக்கும் பம்பாய்க்கும் ஊர் ஊரான நாடகங்களுக்குமாக அவர் எப்படி நேரத்தைப் பங்கிட்டார் என்பது வியப்பே.

ஒரு கணக்கு இன்னும் பாக்கி. பதினாறு ஆண்டுகளில் பிருத்வி தியேட்டர்ஸ் நடத்திய காட்சிகள் 2,662. ஆண்டுக்கு 166. இரண்டு நாளைக்கு ஒரு காட்சி என்பதற்குச் சற்றுக் குறைவு. இவற்றில் ஒவ்வொரு காட்சியிலும் தலைமை வேடம் அவருடையதே. இதைப் பெருமையாகவே எல்லோரும் எழுதுகிறார்கள். பெருமைதான். ஆயினும் இதில்தான் அந்தக் கம்பெனியின் பலவீனமும் இருந்தது என்று நான் கருதுகிறேன். பணம் ஒருவருடையது, பெயர் ஒருவருடையது, குரலும் ஒருவருடையது. மாற்று வேடக்காரர் ஒருவரைப் பழக்கி விட்டிருந்தால் வேறு கதையாக இருந்திருக்கலாம். 1957-இல் பைஸா நாடகத்தைப் படமாக எடுத்தார். அந்தச் சமயத்திலேயே குரல் கெட்டுவிட்டது. பட்டாணியனாகவும் குடியானவனாகவும் கடைசி வரிசை வரையில் போய்ச் சேர்ந்த அந்தக் குரல் கரகரத்து உள்ளுக்குள் போயிற்று. 1960-இல் பிருத்வி தியேட்டர்ஸ் திரையை இறக்கியது. 150 பேரும் வேறு வேலை தேடிக்கொண்டார்கள்.

அதே 1960-இல்தான் முகலே ஆஸம் வெளிவந்தது. அக்பரின் கர்ஜனையைக் கேட்டுக் கோடிக் கணக்கானவர் மெய்சிலிர்த்தார்கள். நாடகத்தில் தேய்ந்துபோன தொண்டையின் மீதக் குரலைத்தான் அவர்கள் கேட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் இதைப் படிக்கும் வரையில் தெரியாது. இப்போது மறுபடி அந்தப் படத்தைப் பார்த்தால் அக்பர் பேசும் இடங்களில் வேறு ஏதோ ஒன்று காதில் விழுகிறது.

பிற நாடுகளில் இந்தப் பள்ளத்தை யார் நிரப்பினார்கள் என்று பார்க்க வேண்டும். அதே காலத்தில், 1951-இல், பிரான்சில் ழான் விலார் என்பவர் பாரிஸ் மக்கள் நாடக அரங்கின் பொறுப்பை ஏற்றார். தொழிலாளிகளும் மாணவர்களும் வாங்கக்கூடிய விலையில் சீட்டு, இருக்கை காட்டுகிறவனுக்கு இனாம் கொடுக்க வேண்டாம் என்ற விதி, வேலை முடிந்து வருகிறவர்களுக்கு ஏற்ற நேரம். ஆயிரக்கணக்கானவர் வந்தார்கள். பற்றாக்குறையை அங்கே அரசாங்கம் மானியமாகக் கொடுத்தது. இங்கே 1953-இல் சங்கீத நாடக அகாதமி ஏற்பட்டது. 1954-இல் அது பிருத்விராஜுக்குத் தன் உயரிய பெல்லோஷிப்பை அளித்தது. 1959-இல் அகாதமியின் கீழ் தேசிய நாடகப் பள்ளி பிறந்தது. பிருத்வி தியேட்டர்ஸ் மூடுவதற்கு ஓராண்டு முன்பு. நாடகத்துக்காக அரசாங்கம் கையை விட்டுச் செலவு செய்யத் தொடங்கிய வேளையில், தன் கையை விட்டுச் செலவு செய்தவர் ஓய்ந்துவிட்டார். மண்டி ஹவுஸில் நானும் நீங்களும் சிறு விலைக்குச் சீட்டு வாங்கும்போது மீதி விலையைப் பொதுப் பணம் கொடுக்கிறது. அன்று அதை ஒரு நடிகர் கொடுத்தார்.

பிறகு அவர் வாழ்ந்த பன்னிரண்டு ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். படங்களில் தாத்தா வேடங்கள். 1969-இல் பத்மபூஷண். 1971-இல் வெளிவந்த ஒரு படத்தில் தானும் மகன் ராஜும் பேரன் ரண்தீருமாக மூன்று தலைமுறையும் ஒன்றாக நடித்தார்கள். அதே ஆண்டு கன்னடத்தில் ராஜ்குமாரோடு ஒரு படம். 1972-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் புற்றுநோயால் காலமானார். மனைவி ராம்சரணி அடுத்த மாதமே அவரைப் பின்தொடர்ந்தார். தாதாசாகேப் பால்கே விருது அவர் மறைந்த பிறகு வந்து சேர்ந்தது.

சொந்தமாக ஒரு நாடகசாலை வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் எண்ணம். பம்பாய் ஜுஹூவில் 1962-இல் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். கட்டடம் எழும்பவில்லை. அவர் இறந்த ஆண்டே குத்தகையும் முடிந்தது. குடும்பத்தார் அந்த நிலத்தை விலைக்கு வாங்க, மகன் சசியும் மருமகள் ஜெனிபரும் முன்னின்று 1978-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் பிருத்வி தியேட்டரைத் திறந்தார்கள். சுமார் 200 இருக்கைகள். மேடையை மூன்று புறமும் இருக்கைகள் தழுவி நிற்கும். கடைசி வரிசை என்பது பெயருக்குத்தான். அங்கே முணுமுணுத்தாலும் எல்லோருக்கும் கேட்கும் என்று பம்பாயில் படிக்கும் நண்பர் எழுதியிருக்கிறார். தந்தையின் தொண்டைக்கு வந்த துன்பம் இனி எவருக்கும் வேண்டாம் என்று கட்டினார்களோ என்னவோ.

ரீகல் கொட்டகை 1932-இல் திறந்தது. 2017-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள் அதன் கடைசிக் காட்சி நடந்தது. அன்று ஓடியவை மேரா நாம் ஜோக்கரும் சங்கமும். இரண்டும் பிருத்விராஜின் மகன் ராஜ் எடுத்த படங்கள். தூண்களும் வாயிலும் இருக்கின்றன. போகிற வருகிற போதெல்லாம் அந்தப் படிக்கட்டைப் பார்க்கிறேன். அங்கே இப்போது மாலையில் பிள்ளைகள் உட்கார்ந்து கைப்பேசி பார்க்கிறார்கள்.

வருகிற சனிக்கிழமை நாடகப் பள்ளியில் மாணவர் நாடகம் ஒன்று இருக்கிறது. மாமியையும் அழைத்திருக்கிறேன்; முழங்கால் வலிக்கிறது என்கிறார், ஆனால் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. நம் சங்கத்தில் வர விரும்புகிறவர்கள் ஐந்தரை மணிக்கு மண்டி ஹவுஸ் நிலையத்து வாசலுக்கு வந்துவிடுங்கள். வரிசை நீளமாக இருக்கும். திரும்பும்போது ராஜீவ் சௌக்கில் இறங்கி, ரீகல் வழியே கோல் மார்க்கெட்டுக்கு நடப்பதாக ஏற்பாடு. மாமிக்கு மட்டும் ஆட்டோ.